ஈரச் சந்தனம்

வாங்க, வாங்க. சென்னியப்பன் வீடு இதுதானுங்க, நான்தான் சென்னியப்பன். செருப்பு அங்கயே கெடக்கட்டும், எவனும் தூக்க மாட்டான். இந்த ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. வூட்டுக்காரி இல்லீங்க, தங்கச்சியைப் பாக்க வடவள்ளி போயிருக்கறா. அதனால காபி என் கையாலதான். குடிச்சே ஆகணும், வேற வழியில்ல.

தாரணி விஷயமாத்தான வந்திருக்கீங்க? போன்லயே சொன்னீங்க. சரவணம்பட்டியில ஏதோ கம்பெனி, அந்தப் புள்ளைக்கு அங்க வேலை கெடைக்கற மாதிரி இருக்குது. பழைய இடத்துல ஆள் எப்படி, ஏன் வேலையை விட்டான்னு என்கிட்டக் கேட்டு எழுதி வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கறாங்க. நான் எழுதறதைப் பாத்துட்டுத்தான் சேத்துக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. அப்படித்தானுங்களே?

இருங்க, ஃபைலைப் பிரிக்காதீங்க. அவ கைப்பட எழுதினதும் அதுக்குள்ள இருக்குதுன்னீங்க பாருங்க, அதை இப்பக் காட்டாதீங்க. என்ன எழுதியிருப்பான்னு எனக்குத் தெரியும். நீங்களும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க, மூஞ்சியிலயே தெரியுது. இல்லைன்னு தலையை ஆட்டாதீங்க. ரெண்டு வருசமா நான் இந்த நாளைத்தான் எதிர்பாத்துட்டு இருக்கறேன். அதனால என் பக்கத்தையும் ஒருக்காக் கேட்டுருங்க. அப்புறம் உங்க ஃபார்ம்ல எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடறேன்.

காபியில சக்கரை பத்தலைன்னா சொல்லுங்க. அந்த டப்பாவுல சக்கரைன்னு எழுதி ஒட்டியிருக்கும் பாருங்க. அதுக்குப் பக்கத்துல உப்பு, அதுலயும் எழுதியிருக்கும். நான் ஒட்டினதுதான். உப்பு டப்பாவுல உப்புன்னு எழுதறவனை உலகத்துலயே இப்பத்தான் பாக்கறேன்னு வூட்டுக்காரி சொல்லுவா. எனக்கு எதுவும் பேரோட ஒழுங்கா இருக்கணுமுங்க. அது ஒரு குத்தமா? இல்லதானே? அங்கதான் ஆரம்பிச்சுது எல்லாம்.

தாரணி முன்ன வேலை பாத்த ஆஸ்பத்திரியில நான் கம்ப்யூட்டர் ரூமுக்குப் பொறுப்பு. பதினெட்டு வருசமாச்சு. அங்க எடுக்கற ஸ்கேன், எக்ஸ்ரே அத்தனை படமும் ஒரு கப்போர்டு மாதிரி நிக்கற பெட்டிகளுக்குள்ளதான் இருக்குது. மொத்தம் இருபத்திநாலு டிஸ்க். ஒரே படத்தைத் துண்டு துண்டா நாலஞ்சு டிஸ்க்குல போட்டு வெச்சிருக்கும். எந்தத் துண்டு எங்க இருக்குதுன்னு கணக்கு வெச்சு, இருபத்திநாலையும் கட்டி மேய்க்கறதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்குது. டாக்டர் கேட்டா அதுதான் துண்டையெல்லாம் பொறுக்கி ஒண்ணாக் குடுக்கும்.

அந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பேர் வெச்சிருக்கும். பழைய பேரெல்லாம் எந்த ஒயர் வழியா வருது, எத்தனாவது குழியில உக்காந்திருக்குதுன்னு எழுத்தும் நம்பருமா, பஸ் டிக்கெட்டு நம்பராட்டம் இருக்கும். இன்னொரு முறையும் இருக்குதுங்க. பெட்டியோட பேரைச் சொல்லி, அதுல ஒண்ணு, ரெண்டு, மூணு. பாக்கவே லட்சணமா இருக்கும். முதல் முறையில இருந்து ரெண்டாவதுக்குப் போறதுன்னா பெரிய வேலையில்ல. மெனுவுல ஒரு இடத்துல போனா, மாத்தட்டுமான்னு கேக்கும். ஆமான்னா மாத்திரும். ஒரு நிமிசம்.

இது நடந்தது ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. அடுத்த மாசம் ஒரு ஆய்வுக் குழு வர்றதா இருந்துச்சு. டிஸ்க் பட்டியலை அழகாப் பிரிண்டு எடுத்துக் கதவுல ஒட்டணும்னு எனக்கு ஆசை. எது மாத்தறதா இருந்தாலும் நோட்டுல எழுதி, நிர்வாக அதிகாரி வரதராஜன் சார்கிட்டக் கையெழுத்து வாங்கணும்னு ஒரு விதி இருக்குது. அந்த விதியை எழுதினவனே நான்தான். ஒரு நிமிச வேலைக்கு எதுக்குங்க கையெழுத்துன்னு விட்டுட்டேன்.

ஆயுத பூஜை அன்னைக்குப் பண்ணலாம்னு வெச்சிருந்தேன். வெளிநோயாளி கிடையாது, எமர்ஜென்சி மட்டும்தான். மிசினுக்கெல்லாம் பொட்டு வெச்சுப் பூஜை போடற நாள், புதுப் பேர் வெக்கறதுக்கு அதை விட நல்ல நாள் ஏது?

தாரணி அன்னூர்ல இருந்து முத பஸ்ஸைப் புடிச்சு ஏழரைக்கே வந்துட்டா. எங்க ரூம்ல சேந்து எட்டு மாசம்தான் இருக்கும். நல்ல புள்ளைங்க. சொன்னதைச் செய்யும், சொல்லாததையும் செய்யும். அன்னைக்கு ஒரு பச்சைச் சேலை கட்டிட்டு வந்திருந்தா, அதைத் தூக்கிச் சொருவிக்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தூசி இல்லாமத் தொடச்சா. அப்புறம் சந்தனத்தைக் குழைச்சுட்டு வந்து, "சார், பெட்டிக்கு ஒரு பொட்டு வெச்சாப் போதுங்களா?"ன்னு கேட்டா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒவ்வொரு டிஸ்க்குக்கும் வெய்யி அம்மிணி, ஒண்ணை விட்டா அது கோவிச்சுக்கும்"னேன். சிரிச்சுட்டே சொன்னேன். அவளும் சிரிச்சுட்டே இருபத்திநாலுக்கும் வெச்சா. மோதிர விரல்ல தொட்டு, முன்பக்கத் தகட்டுல, ஒரே வரிசையா. அந்தத் தகட்டுல வெச்ச பொட்டு உள்ள போறதுக்கு வழியே கிடையாதுங்க. அதை மொதல்லயே சொல்லிடறேன். வருசா வருசம் வெக்கறோம்.

அப்புறம் பொரியும் பூசணிக்காயும் வாங்கிட்டு வரச் சொல்லி அவளை அனுப்பினேன். அவ போன கையோட உக்காந்து பேரை மாத்தினேன்.

பட்டியல் வந்துச்சு. பதினேழு டிஸ்க் புதுப் பேரோட ஜம்முனு இருக்குது. மிச்சம் ஏழுக்கு நேரா எர்ரர், எர்ரர், எர்ரர்.

அதே நேரத்துக்கு கேஷுவாலிட்டியில இருந்து போன். சூலூர்ப் பக்கம் பைக்குல விழுந்த ஒருத்தரைக் கொண்டு வந்திருக்கறாங்க, தலையில அடி, போன வருசம் எடுத்த ஸ்கேனோட ஒப்பிட்டுப் பாக்கணும், படம் திறக்க மாட்டேங்குது. எப்படித் திறக்கும்? ஏழு டிஸ்க் இல்லைன்னா எல்லாப் படத்துலயும் ஓட்டை. அவருக்கு ஒண்ணும் ஆகலைங்க, புதுசா ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டாங்க. அதை நான் அப்பவே விசாரிச்சுட்டேன். தெனமும் போய் விசாரிச்சேன். டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும்.

வரதராஜன் சார் பூஜைக்கு வேட்டி சட்டையில வந்தார், படம் திறக்கலைங்கறதைக் கேட்டுட்டு நேராப் பெட்டிகிட்டப் போனார். அவருக்கு கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. டிஸ்க் மேல எரியற லைட்டு இருபத்திநாலும் பச்சையாத்தான் எரிஞ்சுது. டிஸ்க்குக்கு ஒடம்புல ஒரு கோளாறும் இல்லைன்னு அர்த்தம். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் ஒரு பொட்டைத் தொட்டுப் பாத்தார். விரல்ல ஒட்டுச்சு. "இப்படி ஈரச் சந்தனத்தை அப்பினா மிசின் என்னத்துக்கு ஆகும்? யார் வேலை இது?"ன்னு சத்தம் போட்டார்.

தாரணி கதவுகிட்ட நின்னுட்டு இருந்தா. ஒரு கையில பொரி, ஒரு கையில பூசணிக்காய். "நான்தாங்க சார்"னா.

நான் பொய் சொல்லலைங்க. இதை நீங்க குறிச்சுக்கணும். நான் வாயையே திறக்கலை. அவ சொன்னதும் உண்மைதானே, பொட்டு வெச்சவ அவதானே?

என்ன அப்படிப் பாக்கறீங்க?

சரி. அந்தப் பார்வைக்கு நான் ஏத்தவன்தான். ஆனா அந்த நிமிசத்துல நானே ஒருவேளை சந்தனமா இருக்குமோன்னு நெனைச்சேன். நெனைக்கப் பாத்தேன்னு வெச்சுக்கங்க. மனுசன் மனசு நொம்பக் கெட்டிக்காரத்தனமா வேலை செய்யும், அவனவன் கழுத்துக்குக் கத்தி வரும்போது.

அவரு போனதும் தாரணி பஞ்சும் உலர்ந்த துணியுமா உக்காந்துட்டா. ஒவ்வொரு டிஸ்க் முகமா பொட்டை எடுத்து, இடுக்குல பஞ்சை விட்டு, டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சுக் காய வெச்சுட்டு இருந்தா. அழுதுட்டே பண்ணினா. சத்தம் வராம அழுவா. நான் இந்தப் பக்கம் சாஃப்ட்வேரோட புஸ்தகத்தை வெச்சுட்டு ஒவ்வொரு பக்கமாத் தள்ளிட்டு இருக்கறேன். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். பேர் மாத்தற பகுதியோட கடைசியில ஒரு சின்னப் பத்தி. அதுல எல்லாமே இருந்துச்சு.

புரியற மாதிரிச் சொல்றேன். ரேசன் கடைக்குப் போறீங்க. கார்டுல முத்துசாமி, ஆதார்ல முத்துச்சாமி. ஆள் எதுத்தாப்பல நிக்கறான், அரிசி உள்ள இருக்குது, ஆனா பேர் ஒத்துவரலை, கிடையாதுங்கறான் கடைக்காரன். அதேதானுங்க இது. அந்த ஏழும் பழைய காலத்து டிஸ்க். அதுக தன் பேரைத் தனக்குள்ளயே எழுதி வெச்சிருக்குதுக. நான் வெளியில பேரை மாத்திட்டேன். சாஃப்ட்வேர் புதுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுது, உள்ள பழைய பேர் இருக்குது, இது நம்மாள் இல்லைன்னு தள்ளிருச்சு. உள்ள இருக்கற படம் ஒண்ணு கூடக் கெடலை. பழைய பேர் முறைக்கே திரும்பிப் போயி, மிசினை ஒருதரம் நிறுத்தி எழுப்பி, மீட்டுக் குடுன்னு ஒரே ஒரு கமாண்டு போட்டாத் தீந்துது.

படிச்சு முடிச்சுட்டு நிமிந்து பாக்கறேன். அவ பதினோராவது டிஸ்க்கைத் தொடச்சுட்டு இருக்கறா. "சார், சரியாயிருங்களா?"ன்னா.

அப்பச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. "அம்மிணி, எந்திரி, இது உன் தப்பு இல்ல"ன்னு. அத்தனைதான். ரூம்ல எங்க ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ, காக்காய் இல்ல. நான் "பாக்கலாம்"னேன்.

அவ இருக்கும்போது அந்த வேலையை நான் எப்படிங்க பண்ணறது? ஸ்கிரீனைப் பாத்தாத் தெரிஞ்சுருமே. "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை, கேன்டீன்ல போயி சாப்பிட்டு வா"ன்னு அனுப்பி வெச்சேன். அக்கறையாத்தான் அனுப்பினேன், அதுவும் உண்மைதான். அவ தயிர் சாதம் சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள பழைய பேருக்குத் திருப்பி, மிசினை நிறுத்தி எழுப்பி, கமாண்டைப் போட்டேன். ஏழும் வந்து வரிசையில நின்னுச்சு. ஒரு படம் போகலை. பதினெட்டு வருசத்துல நான் பண்ணின வேலைகள்ல அதுதான் நம்பர் ஒன். சும்மா சொல்லலை, தெரியாதவனா இருந்தா டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு அத்தனையும் அழிச்சு மறுபடி ஆரம்பிச்சிருப்பான். நான் படிச்சுட்டுத்தான் கையை வெச்சேன்.

தாரணி வந்து பட்டியலைப் பாத்தா. அப்படியே கையெடுத்துக் கும்பிட்டா. "சார், நீங்க தெய்வம் சார்"னா. எனக்கு அதைக் கேட்டுட்டு நிக்க முடியலை. பாத்ரூம் போயிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மீட்டிங்குல எனக்குப் பொன்னாடை போட்டாங்க. ஏழு டிஸ்க்கை ஒத்த ஆளா மீட்டவர்னு. அந்தப் பொன்னாடை உள்ள பீரோவுல இருக்குது. வூட்டுக்காரி சோபாவுக்குப் போடலாம்னு எடுத்தா, சத்தம் போட்டு உள்ள வெக்கச் சொல்லிட்டேன். ஏன்னு அவளுக்கு இன்னும் தெரியாது.

அறிக்கை கேட்டாங்க. எழுதிக் குடுத்தேன். "டிஸ்க்குகளின் முன்பக்கத்தில் ஈரம் பட்டதால் இருக்க வாய்ப்புண்டு." பாருங்க, வாய்ப்புண்டுன்னுதான் எழுதினேன். ஈரத்தாலதான்னு எழுதலைங்க. அந்த ஒரு சொல்லுக்கு நான் ஒரு மணி நேரம் யோசிச்சேன். வரதராஜன் சார் அதைப் படிச்சுட்டு அந்தச் சொல்லை ஒரு பொருட்டாவே எடுத்துக்கலை.

அவளா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாப் புள்ளைக்கு நல்லது, நாமளா நீக்கினா எதிர்காலம் கெட்டுரும்னார். அதை அவகிட்டச் சொல்ற வேலையும் எனக்கே வந்துச்சு. ராஜினாமாக் கடிதத்தை நான் வாசகம் சொல்லச் சொல்ல அவ எழுதினா. பிழையில்லாம இருக்கட்டும்னு ரெண்டு தரம் படிச்சுப் பாத்தேன். அவங்கப்பா தறி ஓட்டறவர். தம்பி காலேஜ் முத வருசம். இதெல்லாம் தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். போறப்ப வாசல்ல நின்னு என்னைத் திரும்பி ஒரு பார்வை பாத்தா பாருங்க, அங்கதான் எனக்குத் தெரிஞ்சுது. இவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுட்டுத்தான் வாயைத் திறக்காமப் போறா.

அதுக்கப்புறம் அன்னூர்ல ஒரு போன் கடையில ரீசார்ஜ் பண்ணிக் குடுத்துட்டு இருந்தாளாம். படிச்ச படிப்பு என்ன, பண்ற வேலை என்ன. நான் ஒருக்கா அந்த வழியா பஸ்ஸுல போறப்பப் பாத்தேன். எறங்கலை.

வருசா வருசம் ஆயுத பூஜை அன்னைக்குக் காலையில எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புவா. "இனிய ஆயுத பூஜை வாழ்த்துகள் சார்"னு, கீழ ஒரு விளக்குப் படம். வேற ஒரு சொல்லு இருக்காது. எப்பேர்ப்பட்ட அடி பாத்தீங்களா? திட்டியிருந்தாக் கூடத் தாங்கிக்கலாம். அதைப் பாத்த நிமிசமே எனக்கு ஜுரம் வந்துரும். ரெண்டு வருசமா அந்த நாளைக்கு நான் லீவு.

இப்ப வேலைக்கு விசாரிக்கற இடத்துல, எத்தனையோ பேர் இருக்க, என் பேரைக் குடுத்திருக்கறா. அதைக் கேட்டதுமே புரிஞ்சுருச்சு. எல்லாத்தையும் எழுத்துல எழுதிட்டு, அதை என்கிட்டயே அனுப்பியிருக்கறா. இல்லைன்னு சொல்லு பாக்கலாம்னு. கெட்டிக்காரி. நான் இல்லைன்னு சொல்லப் போறதில்ல. அதான் உங்ககிட்ட ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். இப்பப் பிரிங்க ஃபைலை. குடுங்க, நானே படிக்கறேன்.

இருங்க, கண்ணாடி.

இங்கிலீஷ்ல எழுதியிருக்கறா, தமிழ்லயே சொல்றேன். "ஆயுத பூஜையன்று என் கவனக்குறைவால் ஏழு டிஸ்க்குகள் பழுதாயின. அதற்குப் பொறுப்பேற்று நானே விலகினேன். என் மேலதிகாரி திரு. சென்னியப்பன் அன்று எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தார். தவறு செய்த பிறகும் என்னை ஒரு சொல் திட்டவில்லை. என்னைப் பற்றி அவரிடம் கேட்கலாம்."

இது வேற யாரோ எழுதினதா?

அவ கையெழுத்துதான்.

கொஞ்சம் தண்ணி குடுங்க. அந்தச் சொம்புல இருக்குது.

அவளுக்குத் தெரியாதுங்க. தெரியவே தெரியாது. தெரிஞ்சுட்டு என்னைக் காப்பாத்தறான்னு நெனைச்சேன், தெரிஞ்சுட்டுக் குத்திக் காட்டறான்னு நெனைச்சேன். அவ வாசல்ல திரும்பிப் பாத்தது கும்பிடறதுக்கு. அந்த வாழ்த்தெல்லாம் வாழ்த்துதான். இந்த ரெண்டு வருசமும் அந்தப் புள்ள தன் கையாலதான் கெட்டுப்போச்சுன்னு நம்பிட்டு, ரீசார்ஜ் கடையில உக்காந்திருக்குது. எனக்காவது உண்மை தெரியும். அவளுக்கு அதுவும் இல்ல.

என்னங்க? மூணு கேள்விக்குப் பதில் போதுமா? ஒழுக்கம், வருகை, திறமை. மத்ததை நீங்க கேட்டதாவே வெச்சுக்க மாட்டீங்களா? நல்ல மனுசன் நீங்க. எனக்கு ஒரு வழி விடறீங்க. பத்து நிமிசத்துக்கு முன்னாடி விட்டிருந்தீங்கன்னா அந்த வழியிலயே போயிருப்பேன், சத்தியமா.

பேனாவைக் குடுங்க. இந்தக் கட்டத்துல 'விலகிய காரணம்'னு கேட்டிருக்குது, எழுதறேன். "அனுமதி இல்லாமல் டிஸ்க்குகளின் பெயரை மாற்றி அவற்றைச் செயலிழக்கச் செய்தவன் நான். தாரணி மீது எந்தத் தவறும் இல்லை. இதை மறைத்து அறிக்கை கொடுத்தேன். சென்னியப்பன்." கையெழுத்து, தேதி. இந்தாங்க. இதை ஒரு போட்டோ எடுத்துக்கறேன். நாளைக்கு வரதராஜன் சார்கிட்டயும் இதையே குடுக்கறேன்.

எந்திரிச்சுட்டீங்களா? உக்காருங்க. இந்தக் காகிதம் கம்பெனிக்குப் போகும். அவளுக்குப் போகாதே. வேலை கெடைச்சுரும், சந்தோசமாப் போவா, அப்பவும் தன்னாலதான் கெட்டுதுன்னு நெனைச்சுட்டேதான் போவா. நீங்க போயிட்டீங்கன்னா நான் போன் பண்ண மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். ரெண்டே நிமிசம் இருங்க, இப்பவே போன் போடறேன்.

அடிக்குது.

ஹலோ, தாரணியா? ஆமா அம்மிணி, சார்தான். வந்திருக்கறாரு, எதுத்தாப்பலதான் உக்காந்திருக்கறாரு. சேச்சே, என்ன தொந்தரவு, ஒண்ணுமில்ல. நல்லபடியாத்தான் எழுதியிருக்கறேன். நன்றியெல்லாம் சொல்லாத. சொல்லாதங்கறேன், கேளு. அன்னைக்கு நீ பொரி வாங்கப் போனியே, அப்ப நான் அந்த டிஸ்க் பேரையெல்லாம் மாத்தினேன். நான்தான். அதனாலதான் ஏழும் நின்னு போச்சு. இல்ல, சந்தனத்தால இல்ல. சந்தனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உன் தப்பு ஒண்ணுமே இல்ல அம்மிணி.

என்ன?

தெரியும். இல்ல, அப்புறமாத் தெரிஞ்சதில்ல. அன்னைக்கு மத்தியானமே தெரியும். நீ அழுதுட்டே தொடச்சுட்டு இருந்த பாரு, அப்பவே தெரியும்.

ஹலோ?

தாரணி?

பேச மாட்டேங்கறாளுங்க. போனை வெக்கலை, லைன்லதான் இருக்கறா.